படியில்லாப் பந்தல்களின் வரைபடம்

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வங்கியில் சாப்பாட்டு இடைவேளையின்போதுதான் தமிழரசிக்கு விஷயம் தெரிய வந்தது. கொல்கத்தாவின் கரியாஹாட் கிளையில் கடன் பிரிவு அவளுடையது. டிபன் டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே மறு கையால் கைப்பேசியில் தன் வலைத்தளத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லைப் போட்டாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. தவறாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

சரி, வெளியிலிருந்தாவது பார்ப்போம் என்று முகப்பைத் திறந்தபோது, உச்சியில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் சிவப்பு முத்திரை இருந்தது. அதன் கீழே 'ஆனந்தம் எல்லோருக்கும்' என்று வங்காளியில் ஒரு வாசகம். தளத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. 'தாப் நேய்'. படி இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். இருபத்து மூன்றாம் வயதில் ஒரு பஸ் விபத்து அவளுடைய இடுப்புக்குக் கீழே இருந்த உணர்வையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் துர்கா பூஜைக்குச் சக்கர நாற்காலியில் பந்தல் பார்க்கப் போனாள். வாசலில் ஒன்பது படி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே இருந்த கூட்டம் தேவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. ஒரு அளவு நாடா வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், பூஜைக்கு முந்தைய வாரம், எந்தப் பந்தலுக்குப் படி உண்டு, எதற்குச் சரிவுப் பாதை உண்டு, மூங்கில் தடுப்புக்கு நடுவே எத்தனை அங்குலம் இடம், பக்கத்தில் நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று அளந்து எழுதினாள். முதலில் தனக்காக. பிறகு கேட்டவர்களுக்காக. கேட்டவர்கள் பெருகியபோது ஒரு வலைத்தளம் வேண்டியதாயிற்று.

அதைச் செய்து கொடுத்தவன் சைதன்யா. அவள் அப்பா நடராஜனும் அவன் அப்பாவும் கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் ஒரே பிரிவில் இருந்தவர்கள். ஒரே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நாலு பேரை வைத்துக்கொண்டு அவன் வலைத்தளங்கள் செய்து வந்தான். ஆறு வருடத்துக்கு முன் அவன் சொன்ன தொகையை அவள் கொடுத்தாள். 'வலைத்தள வேலைக்கு' என்று ஒரு வரி எழுதி ரசீது கொடுத்தான். வேறு காகிதம் எதுவும் இல்லை. நம்ம சைதன்யாவிடம் காகிதம் எதற்கு?

அன்று சாயங்காலமே ஒரு டாக்ஸி பிடித்துக்கொண்டு போனாள். அவன் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. படியில்லாப் பந்தல்களின் வரைபடத்தைச் செய்தவனின் அலுவலகத்துக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. எப்போதும் அவன்தான் கீழே இறங்கி வருவான். அன்றும் வந்தான். எதிர்ப்பக்கத்து டீக்கடையில், மண் குவளையில் டீயோடு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"அரசிக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? பூஜோ முடிஞ்ச பிறகா?"

"கோச்சுக்காதீங்க. பெரிய கம்பெனி. நூறு பந்தல்ல போர்டு வைக்கப் போறாங்க. உங்க வேலை எங்கெங்கேயோ போய்ச் சேரும்."

"என் வேலைன்னு நீயே சொல்றே. அப்புறம் ஏன் என் பேரை உள்ளேயிருந்து எடுத்தே?"

"அவங்க டீம் மட்டும்தான் உள்ள கை வைக்கணும்னு கண்டிஷன். உங்களுக்கு வேணும்னா பார்வையாளர்னு ஒண்ணு போட்டுத் தரேன்."

"நான் கட்டின வீட்டுக்கு நான் பார்வையாளரா?"

சைதன்யா குவளையைக் கீழே வைத்தான். இதுவரை இருந்த குழைவு குரலிலிருந்து போய்விட்டது.

"நீங்க கட்டச் சொன்னீங்க. கட்டினவன் நான். அதுல இருக்கிற ஒவ்வொரு வரி கம்ப்யூட்டர் கோடும் நான் உக்காந்து எழுதினது. முகவரி என் பேர்ல இருக்கு. ஆறு வருஷமா சர்வர் என்னுது. பூஜோ நாலு நாளும் லட்சம் பேர் வந்து அது படுத்துக்கிட்டப்போ, பந்தல் பக்கமே போகாம தூக்கி நிறுத்தினவன் நான். ஒரு தடவையாவது கேட்டீங்களா, 'சைதன்யா, இது எப்படிடா ஓடுது'ன்னு?"

அவள் கேட்டதில்லை. அது அவளைத் தைத்தது. இருந்தாலும் சொன்னாள்:

"நீ வாய் திறந்து சொல்லியிருக்கலாம்."

"நடராஜன் மாமா பொண்ணுகிட்ட எப்படிக்கா சொல்றது?"

"சொல்ல முடியலை. ஆனா விக்க முடிஞ்சுது."

அவன் எழுந்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "லீகலா பாத்தா அது என்னுதுதான், அக்கா. யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.

அவள் கேட்டுத்தான் பார்த்தாள். ரோஹிணி அவளுடன் கல்லூரியில் படித்தவள். துறைமுக அதிகாரியின் மகள். இப்போது ஹைகோர்ட்டில் வக்கீல். சனிக்கிழமை மத்தியானம் தமிழரசியின் டாக்குரியா வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, அந்த ஒற்றை ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்போ அவன் சொன்னது பாதி சரி. நான் இனிப்பா ஏதாவது சொல்லுவேன்னு எதிர்பார்க்காதே."

"சொல்லு."

"உன் ஆபீஸ்ல சம்பளத்துக்கு இருக்கிறவன் எழுதினா அது ஆபீசோடது. வெளியாள்கிட்ட வேலை கொடுத்து வாங்கினா, எழுதினவன்தான் சொந்தக்காரன். எழுத்துல மாத்திக் கொடுத்தாத்தான் உனக்கு வரும். பணம் கொடுத்தது போதாது. பயன்படுத்திக்க உனக்கு அனுமதி இருக்குன்னு வாதாடலாம். ஆனா கோடு அவனோடது. முகவரியும் இப்போதைக்கு அவன் பேர்ல."

"மீதிப் பாதி?"

"அதுல இருக்கிற எழுத்து. அதை அவன் எழுதலையே. 'சரிவு செங்குத்து, பின்னாலேர்ந்து ஒருத்தர் பிடிச்சுக்கணும்'னு எழுதினது நீ. அது உன்னுது. எத்தனை அங்குலம்கிற அளவு மட்டும் யாருக்கும் சொந்தமில்ல. பதினெட்டு அங்குலம்னா பதினெட்டு அங்குலம், யார் வேணும்னாலும் சொல்லலாம். சரி, போட்டோவெல்லாம் யார் எடுத்தது?"

"எங்க ஆளுங்க. நாப்பத்தொரு பேர். வருஷா வருஷம் ஆளுக்கு ரெண்டு மூணு பந்தல் பாத்து அனுப்புவாங்க. குறிப்பும் பாதிக்கு மேல அவங்க எழுதினதுதான், நான் கொஞ்சம் திருத்துவேன்."

"அவங்க உனக்கு எழுதிக் கொடுத்தாங்களா?"

தமிழரசி அந்த ரசீதை வாங்கி மடித்தாள்.

"கேக்கவே இல்லையா?"

"வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. நான் போட்டேன்."

ரோஹிணி சிரிக்கவில்லை. "அவன் உனக்குச் செஞ்சதை, கொஞ்சம் மரியாதையா, நீ நாப்பத்தொரு பேருக்குச் செஞ்சிருக்கே, அரசி," என்றாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தமிழரசிக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. சைதன்யா மேல் நாலு நாளாக ஊதி வளர்த்த கோபம் இருந்தது. அதை இறக்கிவைக்க மனமில்லை. அதே சமயம் அது முழுசாகத் தன்னுடையதும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

"அப்போ முதல்ல அவங்ககிட்ட கேக்கறேன்," என்றாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"பூஜோவுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஏழு வாரம்."

"சைதன்யாவுக்கு நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

"இப்போ வேண்டாம். எனக்கே கை சுத்தமில்ல. சுத்தம் பண்ணிட்டு வரேன்."

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் நாலு போன். ரோஹிணி ஒரு பக்கத்தில் எளிய வங்காளியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். படமும் குறிப்பும் எடுத்தவருக்கே சொந்தம், படியில்லாப் பந்தல்களின் வரைபடத்தில் மட்டும் போட அனுமதி, வேறு எவருக்கும் கொடுக்க வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு, எங்கெங்கே என்றெல்லாம் அதில் இருந்தது. "காலம் எழுதணும்," என்று ரோஹிணி அழுத்திச் சொல்லியிருந்தாள். "எழுதிக் கொடுக்கிற உரிமைல காலம் சொல்லலைன்னா சட்டம் அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும். இடம் சொல்லலைன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்கும். நல்லெண்ணத்துல விட்டுட்டேன்னு யார்கிட்டயும் போய் நிக்காதே."

பலர் சிரித்தார்கள். "அர்ஷி-தி, உனக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பேன்? இதுக்கு ஒரு கையெழுத்தா?" என்றார்கள். வங்காளிகள் வாயில் அவள் பெயர் எப்போதும் அர்ஷிதான்; அதோடு ஒட்டிய 'தி', அக்கா என்று பொருள்படும் 'தீதி'யின் சுருக்கம். "வேணும், போட்டுக் கொடுங்க," என்றாள் அவள், ஒவ்வொருவரிடமும், சிரிக்காமல். சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், "என் பேர் கீழ வருமா?" என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். இத்தனை வருடத்தில் யாருடைய பெயரையும் தான் போட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரும் என்றாள். முப்பத்தெட்டுக் கையெழுத்து வந்தது. இரண்டு பேர் ஊர் மாறிப்போய்விட்டார்கள், பிடிக்க முடியவில்லை. ஒருத்தி மட்டும், "போன்ல வேண்டாம், வீட்டுக்கு வாங்க," என்றாள்.

அவள் மேக்னா. பள்ளி ஆசிரியை. மூன்று தலைமுறையாகத் தென் கொல்கத்தாவின் லேக் பகுதியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழைவிட வங்காளிதான் அவளுக்குச் சரளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழரசி போய் இறங்கியபோது, வாசலின் இரண்டு படிகளுக்கு மேல் ஒரு மரச் சரிவு ஆணி அடித்துப் பொருத்தியிருந்தது. ஓரங்களில் பெயின்ட் உரிந்திருந்தது. நாற்காலி அதில் ஏறுவதற்கு மேக்னா கை கொடுக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, அத்தனை சரியான சாய்மானம்.

"அப்பாவுக்காகப் போட்டது," என்றாள் மேக்னா. "எடுக்க மனசு வரல்ல."

உள்ளே போனதும் அவள் தன் கைப்பேசியைத் தமிழரசியின் கையில் கொடுத்தாள். பிஸ்கட் கம்பெனியின் விளம்பரம் அதில் இருந்தது. ஒரு பந்தலின் வாசல். சரிவுப் பாதையின் நடுவில், சக்கர நாற்காலியில், வெள்ளைப் பஞ்சகச்சமும் கழுத்தில் சால்வையுமாக ஒரு பெரியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மடி மேல் சிவப்பு முத்திரை. 'ஆனந்தம் எல்லோருக்கும்.'

"சேஷாத்ரி மாமாவா இது?" என்றாள் தமிழரசி.

"ஆமா. அப்பாவோட லாஸ்ட் பூஜோ. ரெண்டு மாசத்துல போயிட்டார்." மேக்னா ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள். "நான் இதை அனுப்பினது ரேம்ப் எவ்ளோ அகலம்னு காட்ட. அப்பாவைக் காட்ட இல்ல. உங்க சைட்ல வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. நீங்க நல்ல காரியம் பண்றீங்கன்னு பேசாம இருந்தேன். இப்போ என் காசின் இதை அனுப்பி, 'உன் பாபா மாடல் ஆயிட்டாரே'ன்னு எழுதறா."

தமிழரசி படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வருடம் இதைத் தளத்தில் போட்டவள் அவளே. 'அருமை' என்று மேக்னாவுக்கு ஒரு சொல்லில் பதில் அனுப்பியதும் நினைவிருந்தது. முகப்பில் பெரிதாக வைக்கச் சொன்னதும் அவள்தான். பெரியவரின் சிரிப்புக்காக.

"நான் கேட்டிருக்கணும்," என்றாள். "கேக்கலை. அந்தக் கம்பெனி பண்ணினதுக்கு முன்னாடி நான் பண்ணின தப்பு இது."

மேக்னாவின் கண் கலங்கியது. ஆனால் குரல் இளகவில்லை. "எனக்கு இது எங்கேயும் இருக்கக் கூடாது. அவங்க சைட்ல வேணாம். உங்க புது சைட்லயும் வேணாம்."

"இருக்காது."

"நான் அனுப்பின மத்ததும் வேணாம், தீதி. ஸாரி."

"ஸாரி எதுக்கு? உன்னுது. நீ சொன்னா சரி." சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "ஒண்ணு மட்டும் நீ பண்ணணும். எனக்காக இல்ல. நான் கம்பெனிக்கு எழுதினா, சைதன்யாவுக்கும் எனக்கும் நடக்கிற சண்டைன்னு ஒதுக்கி வெச்சுடுவாங்க. இந்தப் போட்டோ நீ எடுத்தது, இருக்கிறவர் உன் அப்பா. நீ எழுதினா ஒதுக்க முடியாது. ரோஹிணி கூட இருப்பா," என்றாள்.

மேக்னா யோசித்தாள். "எந்த மொழில எழுதணும்?"

"உனக்குக் கோபம் எந்த மொழில வருமோ, அதுல."

மேக்னா இரண்டு பக்கம் வங்காளியில் எழுதினாள். ரோஹிணி அதில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. கீழே சட்டப் பிரிவுகளை மட்டும் சேர்த்தாள். கூடவே தமிழரசியின் கடிதமும், முப்பத்தெட்டுக் கையெழுத்தும் போயின. மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்.

காமாக் ஸ்ட்ரீட்டில் ஏழாவது மாடி. விளம்பரப் பிரிவின் தலைவி இந்திராணி லாஹிரி என்று ஒரு பெண்மணி, நரைத்த குட்டை முடி, நிதானமான பேச்சு. மேஜையின் ஒரு பக்கம் தமிழரசியும் ரோஹிணியும். எதிர்ப்பக்கம் சைதன்யா, இஸ்திரி போட்ட சட்டையில், யார் முகத்தையும் பார்க்காமல். மேக்னா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் கடிதம் மட்டும் மேஜை நடுவில் கிடந்தது.

"தளத்தில் உள்ள எல்லாமே தன்னுடையது என்று இவர் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்," என்றார் லாஹிரி, வங்காளியில். "அது பொய் என்கிறீர்களா?"

எல்லாரும் தமிழரசியைப் பார்த்தார்கள். ஆமாம், முழுப் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சைதன்யா அந்த அறையிலிருந்து மோசடிக்காரன் என்ற பெயரோடுதான் வெளியே போவான். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள்.

"கோடு இவருடையது," என்றாள். "அதில் எனக்குச் சந்தேகமில்லை, நான் கேட்கவும் இல்லை. எழுத்தும் படங்களும் இவருடையவை அல்ல. என்னுடையவையும் எல்லாம் அல்ல. யாருடையது எது என்று பட்டியல் கொண்டு வந்திருக்கிறேன்."

லாஹிரி பட்டியலை நிதானமாகப் படித்தார். மேக்னாவின் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுகிறோம். அந்தப் பெண்ணிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். மற்றவற்றுக்கு உங்களிடம் நேரடியாக உரிமை வாங்கிக்கொள்ளலாமே? உங்கள் பெயரைப் போடுகிறோம். நீங்களே இந்த முயற்சியின் முகமாக இருங்கள்."

"அதைக் கொடுத்தாலும் உங்களுக்கு உபயோகமில்லை, மேடம்."

"ஏன்?"

"அது போன வருடத்து வரைபடம். பந்தலை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டுகிறார்கள். கஸ்பாவில் போன வருடம் தரையோடு தரையாக இருந்த பந்தல், இந்த வருடம் ஒரு மலைக் கோட்டை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இருபத்திரண்டு படி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தளம் இன்றைக்கும் அதற்குப் படி இல்லை என்று சொல்கிறது. உங்கள் முத்திரையை நம்பி ஒருவர் பெஹாலாவிலிருந்து அம்மாவை நாற்காலியில் அழைத்துக்கொண்டு வருவார். கூட்டத்தில் அந்த இருபத்திரண்டு படிக்குக் கீழே நிற்பார்."

சைதன்யா முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுக்கு அது தோன்றியிருக்கவேயில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. ஆறு வருடமும் பூஜை நாட்களில் அவன் சர்வர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

"இந்த வருடத்து அளவுகளை எங்களுக்கு எடுத்துக் கொடுங்கள்," என்றார் லாஹிரி.

"கொடுக்கலாம். அளப்பவர் ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும். அவரவர் உரிமை அவரவரிடம் இருக்க வேண்டும். தளத்தின் முகவரி எங்கள் குழுவின் பேரில் இருக்க வேண்டும். எதைத் திருத்தினாலும், எடுத்தாலும், அது எங்கள் கையில். இத்தனையும் எழுத்தில்."

லாஹிரி சிரித்தார். அதில் கேலி இல்லை. "எங்கள் சட்டப் பிரிவு இதைப் படித்து முடிப்பதற்குள் துர்கா பூஜை முடிந்து காளி பூஜையே வந்துவிடும்," என்றார். "இந்த வருடம் விலகிக்கொள்கிறோம்."

வெளியே லிப்டுக்காகக் காத்திருந்தபோது சைதன்யா பின்னாலேயே வந்தான்.

"திருப்தியா, அக்கா?"

"இல்ல."

"ஆறு மாசம் அலைஞ்சு பிடிச்ச வேலை. போச்சு."

"தெரியும். உள்ள உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை."

"அதுதான் இன்னும் எரியுது." அவன் லிப்டின் பித்தானை மறுபடி அழுத்தினான். "நான் எழுதின கோடு மட்டும் உங்களுக்குத் தர மாட்டேன்."

"நான் கேக்கலையேடா. அது உன் உழைப்பு. ஆறு வருஷம் ஓட்டினதுக்கு நான் நன்றி சொன்னதே இல்ல. இப்போ சொல்றேன். உனக்கு இப்போ அது தேவையில்லாம இருக்கலாம், ஆனாலும் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு பண்ணு. பழைய முகவரிக்கு வர்றவங்க ஏமாறக் கூடாது. அதை எடுத்துட்டு, புது இடம் எங்கேன்னு ஒரு வரி போடு."

லிப்ட் வந்தது. அவன் ஏறவில்லை. படி வழியாக இறங்கிப் போனான்.

பூஜைக்கு நாலு வாரம் இருந்தது. ஸ்னேகா என்று ஒரு பெண், வீட்டிலிருந்தபடியே வலைத்தளம் செய்து கொடுப்பவள், எளிமையாக ஒன்று செய்து தர ஒப்புக்கொண்டாள். அவள் வேலையைத் தொடங்கும் முன் ரோஹிணி இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டினாள். ஸ்னேகா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "எல்லாத் தளத்துக்கும் நான் போடற பொதுவான துண்டுகள் சிலது இருக்கு, தேடறதுக்கு, வரிசைப்படுத்தறதுக்கு. அதையும் உங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு நான் வேலை பாக்க முடியாது," என்றாள்.

"அது உன்னுதாவே இருக்கட்டும். நாங்க பயன்படுத்த அனுமதி மட்டும் கொடு," என்றாள் தமிழரசி. "இந்தத் தளத்துக்குன்னு தனியாச் செய்யறதை மட்டும் மாத்திக் கொடு. முகவரியை முதல் நாளே குழு பேர்ல வாங்கிடு." ரோஹிணி அந்த இடத்தைத் திருத்தி எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அரை மணி நேர வேலை. ஆறு வருடத்துக்கு முன் இந்த அரை மணி நேரம் யாருக்கும் தோன்றவில்லை.

புதிய தளத்துக்கு 'ஷொமான்' என்று பெயர் வைத்தார்கள். சமம். பழைய தளத்தில் நூற்றுப் பதினெட்டுப் பந்தல்கள் இருந்தன. இதில், பூஜைக்கு ஒரு வாரம் முன்பு வரும் மகாலயா அன்று முப்பத்தொன்றுதான். படங்கள் குறைவு, இருந்தவற்றிலும் ஆட்கள் இல்லை. வாசல், சரிவு, தடுப்பு, அவ்வளவுதான். ஒவ்வொன்றின் கீழும் அளந்தவர் பெயரும் தேதியும். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் மாஸ்டர் தன் பெயர் வந்த பக்கத்தை அச்செடுத்துப் பெட்டியில் வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். மேக்னா எதுவும் அனுப்பவில்லை. தமிழரசியும் கேட்கவில்லை.

மகாலயாவுக்கு மறுநாள் பழைய முகவரியைத் திறந்து பார்த்தபோது, வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'இந்த வரைபடம் இப்போது இங்கே இல்லை' என்று சொல்லி, புதிய முகவரி. சைதன்யா அவளிடம் சொல்லவில்லை. அவள், 'பார்த்தேன்' என்று ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பூஜை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், சதுர்த்தியன்று மத்தியானம் அவள் லீவு போட்டுவிட்டு டாக்குரியாவின் உள்தெரு ஒன்றில், ஒரு சின்ன கிளப்பின் பந்தல் வாசலில் அளவு நாடாவோடு இருந்தாள். மேடை ஒன்றரை அடி உயரம். சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். ஆனால் அதன் நீளம் ஆறு அடிதான். கிளப் செயலாளர், காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் கட்டிப்போன மனிதர், பெருமையோடு அதைக் காட்டினார்.

"ரேம்ப் வெச்சிருக்கோம் பாருங்க, தீதி. 'படி இல்லை'ன்னு போட்டுடுங்க."

"போட மாட்டேன், தாதா," என்றாள், அண்ணன் என்ற மரியாதை விடாமல். "ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேணும். இது பதினெட்டு அடி இருக்கணும். இதுல ஏறினா பின்னால மல்லாந்துடுவாங்க."

"பதினெட்டு அடிக்கு எங்கே இடம்? ரோட்டுக்கு வந்துடும். பந்தலை டிசைன் பண்ணின ஆர்ட்டிஸ்ட் ஒத்துக்க மாட்டார்."

"அப்போ 'சரிவு இருக்கு, தனியா ஏற முடியாது'ன்னு எழுதறேன். உண்மை அதுதானே?"

"மத்த கிளப்புக்கெல்லாம் நல்லதாப் போட்டிருக்கீங்களே!"

"அவங்க அதுமாதிரி கட்டியிருக்காங்க."

செயலாளர் கையை விரித்தார். அவள் நகரவில்லை. சரிவின் அடியில் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த இடத்தின் நீள அகலத்தை வரையத் தொடங்கினாள். மேலே மூங்கில் சாரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த தச்சர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இறங்கி வந்து அவள் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"நேராப் போனாத்தானே ரோட்டுக்கு வரும்," என்றார். "சுவரோரமா ஒன்பதடி போய், ஒரு திருப்பம் போட்டு, மறுபடி ஒன்பதடி ஏத்தினா?"

"திருப்பத்துல நாற்காலி திரும்ப அஞ்சடி சதுரமா இடம் விடணும்," என்றாள் தமிழரசி.

"விட்டுடலாம்."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டு, ஆர்ட்டிஸ்டைப் பற்றி ஏதோ சொல்லி, சத்தம் போட்டு, பிறகு பலகை கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதுச் சரிவு நின்றது. புதுப் பலகையின் வாசனை போகவில்லை. தமிழரசி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். முதல் ஒன்பதடி, திருப்பம், அடுத்த ஒன்பதடி. மேடையில் தேவிக்கு இன்னும் கண் திறக்கவில்லை, முகத்தைக் காகிதத்தால் மூடியிருந்தார்கள். அவள் சற்று நேரம் அங்கே இருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து நீளம், உயரம், திருப்பத்தின் அகலம், தேதி எல்லாம் பதிந்தாள்.

"தாதா, உங்க பேர் என்ன?" என்று கீழே நின்ற தச்சரைக் கேட்டாள். "வழி கண்டுபிடிச்சவர்னு போடறேன். போடலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்து, சொன்னார். அவள் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். இருட்டுவதற்குள் இன்னும் மூன்று பந்தல் பார்க்க வேண்டியிருந்தது.